நேஷனாலிட்டி உள்ள பெண்

பால் இறங்குது பார், இப்பவா, இந்த இடத்திலயா, என்று ஒதேத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சு கான்சுலேட்டின் காத்திருப்பு அறையில் ஏசி நேரே உச்சந்தலையில் இறங்குகிறது, மடியில் கிளேர் வாயைக் கோணிக்கொண்டு தூங்குகிறாள், பக்கத்து நாற்காலியில் பப்பா கோட்டில் பதக்கத்தையெல்லாம் குத்திக்கொண்டு ஏதோ இப்போதே கொடியேற்றக் கூப்பிடப்போகிறார்கள் என்கிற மாதிரி விறைத்து உட்கார்ந்திருக்கிறார், இந்த மார்புக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. நாற்பத்தேழு வயசு மார்பு. போன வருஷம் வரைக்கும் சும்மா கிடந்த மார்பு. இப்போது என்னவோ ஊருக்கே பால் ஊற்றுகிற மாதிரி அதுக்கு அவ்வளவு பெருமை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நனைந்தால் நனையட்டும், கூப்பிட்டால் போதும், கூப்பிட்டு அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற மதாம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கிளேர் பிரெஞ்சுக்காரி, கிளேருக்குப் பாஸ்போர்ட், மாசக் கடைசியில் தாயும் மகளும் விமானத்தில். பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இவள் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துக் கிழவிகள் எல்லாரும் குழந்தையை எங்கிட்ட குடு எங்கிட்ட குடு என்று சண்டை போடுவார்கள். அந்த ஊர்க் குளிருக்கு இதுக்கு என்ன தொப்பி வாங்குவது, காதை மூடுகிற மாதிரி, சிவப்பில், சிவப்பு எடுப்பாக இருக்கும். சரி என்று சொல்லாவிட்டால்? நினைக்காதே என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் இல்லை, இவள் தனியாகத்தான் போகணும். இனி ஒரு நாள் லீவும் கிடையாது என்று இல்லத்து அம்மாள் போனிலேயே சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளையைப் பாண்டிச்சேரியில் விட்டுவிட்டு ஊரான் வீட்டுக் கிழவிகளுக்கு ஸ்பூனில் சூப் ஊட்டணும். அதெல்லாம் நடக்காது. சிவப்புத் தொப்பிதான் நடக்கும். 

பப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காரைக்கால் அம்மாளிடம் ஆரம்பித்துவிட்டார். ஆரம்பிக்காமல் இருந்தால்தான் அதிசயம். "எங்கப்பாவுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி, எனக்கு, இதோ எம்மவ ஒதேத்துக்கு, இப்போ எம் பேத்திக்கு. நாலு தலைமுறையா ஒரே ரத்தம்மா. ரத்தம் பேசும்." காரைக்கால் அம்மாள் ஆமா ஆமா என்று தலையாட்டினாள், அவளுக்கு அவள் கவலை. ஒதேத் குழந்தையின் முகத்தையே பார்த்தாள். ரத்தம் பேசுமாம். பேசாமல் இருக்கவேண்டுமே என்றுதானே இவள் காலையிலிருந்து மாதாவைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பப்பாவை, சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தாவாம், சொல்தா சிங்கராயர் என்றால் கடற்கரை ரோட்டில் தெரியாத ஆள் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கே போனாலும் நேஷனாலிட்டிதான் அவருக்கு முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார். அந்த நேஷனாலிட்டியால்தானே இவளுக்குக் கல்யாணமே தள்ளிப்போனது. வந்த மாப்பிள்ளை எவன் பெண் பார்த்தான்? பாஸ்போர்ட் பார்த்தான். நேஷனாலிட்டி உள்ள பெண் என்று தரகர் சொன்னதும் பஜ்ஜிகூடத் தின்னாமல், கல்யாணமான எத்தனை மாசத்தில் நமக்குப் பேப்பர் வரும் என்று கேட்டான் ஒருத்தன். இன்னொருத்தன் இவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பப்பா எல்லாரையும் வாசலோடு அனுப்பினார். கடைசியில் ஜெயசீலன் வந்தார், மின்வாரியத்தில் வேலை, பிரான்சா, அந்தக் குளிர் நமக்கு ஆகாதுங்க, நீங்க போய்ட்டுப் போய்ட்டு வாங்க என்றார், அந்த ஒரு வார்த்தைக்கே இவள் சரி என்றுவிட்டாள். அப்போது இவளுக்கு நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றில் கல்யாணம் பண்ணிக்கொண்டு பிள்ளை வேணும் என்றால் பிள்ளை என்ன கடையிலா தொங்குகிறது. பாவம் மனுஷன், வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறார், பையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள் என்று துணிப்பையையும் வெந்நீர் பிளாஸ்கையும் கட்டிக்கொண்டு. அவருக்கு எல்லாம் தெரியும். பப்பாவுக்குத் தெரியாது. பப்பாவுக்குத் தெரியாது என்கிற இடத்தில் வந்து வந்து நினைப்பு இடறுகிறது, நாக்கு உடைந்த பல்லைத் தேடிப் போகிற மாதிரி.

சென்னை டாக்டரம்மா எவ்வளவு சிரித்தாள் அன்றைக்கு. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. பிரான்சில் வயசைக் காட்டிக் கைவிரித்துவிட்டார்கள் என்று சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு ஓடிவந்து, அந்த ஆஸ்பத்திரியில் மூன்று தடவை ஊசி போட்டு, மூன்று தடவையும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, உங்க முட்டைக்கு வயசாயிடுச்சும்மா, கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்கு, வேற ஒரு பெண்ணோட முட்டை வாங்கி வெச்சா நிக்கும், உங்க வயித்துலதான் வளரும், நீங்கதான் பெத்துக்குவீங்க, அந்தப் பெண் யாருன்னு உங்களுக்கும் தெரியாது, நீங்க யாருன்னு அவளுக்கும் தெரியாது என்றாள். நிறம், உயரம், ரத்த குரூப் எல்லாம் முடிந்தவரை பொருத்திப் பார்ப்போம், வேறு ஏதாவது விருப்பம் உண்டா என்றாள். ஜெயசீலன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். இவள்தான் வாயைத் திறந்தாள். "டாக்டர், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பொண்ணா கிடைக்குமா?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வெள்ளைக்காரி வேணுமா? அதெல்லாம் இங்க கிடையாதும்மா." "வெள்ளைக்காரி இல்ல டாக்டர், என்னைப் போல கறுப்பாத்தான், ஆனா பிரெஞ்சு." "கறுப்பா, தமிழ் பேசற, பிரெஞ்சுக்காரி?" "எங்க ஊர்ல நிறைய இருக்காங்க டாக்டர்." அந்த அம்மாள் சிரித்தாள் பாருங்கள், நர்ஸ் எட்டிப் பார்த்தாள், ஜெயசீலன் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டைக்கெல்லாம் பாஸ்போர்ட் கிடையாதும்மா என்றாள் டாக்டரம்மா. அவளுக்கு என்ன, சென்னைக்காரி. பாண்டிச்சேரியில் பிறந்திருந்தால் தெரியும். நேஷனாலிட்டி குடும்பத்தில் நேஷனாலிட்டி குடும்பத்துக்குத்தான் முதலில் பெண் கேட்பார்கள், அது கிடைக்காவிட்டால்தான் மற்றதெல்லாம், ரெண்டு பக்கமும் பிரெஞ்சு என்றால் பிள்ளை கெட்டிப் பிரெஞ்சு, ஒரு பக்கம் என்றால் கொஞ்சம் தளர்ந்த பிரெஞ்சு என்று இவள் அத்தை ஒருத்தி சொல்லுவாள், ஏதோ காப்பி டிகாக்‌ஷன் மாதிரி. ஜெயசீலன் பக்கம் இந்தியா. இவள் பக்கம்தான் பிரெஞ்சு. அந்த இவள் பக்கத்துக்குப் பதிலாக இப்போது யாரோ ஒருத்தி, திருவள்ளூரோ திருத்தணியோ, நேஷனாலிட்டி இல்லாத ஒருத்தி. அப்படியானால் கணக்குப்படி கிளேரிடம் பிரெஞ்சு எங்கே இருக்கிறது?

அதுதான் பயம். ஒளித்துவைத்துப் பார்த்தாலும் அதுதான் பயம். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது உங்க ரத்தமே இல்லையே மதாம் என்றுவிட்டால்? ரத்தம் பேசும் என்கிறாரே பப்பா, பேசிவிட்டால்? கிளேர் தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டினாள். பசிக் கனவு. இவள் விரலைக் கொடுத்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், எவ்வளவு பலம், என்னடி இது, எங்கேயிருந்து வந்தது உனக்கு இவ்வளவு பலம். ஏழாம் மாசத்தில் உள்ளே இருந்து விட்ட உதை ஞாபகம் வந்தது, மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டிருந்தபோது விட்டாள் ஒன்று, இவள் ஐயோ என்று மீன்காரியின் கையைப் பிடித்துக்கொள்ள, மீன்காரி வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, போக்கிரிப் புள்ளம்மா என்று ஒரு துண்டு கூடப் போட்டாள். அந்த உதையை வாங்கியது யார்? திருத்தணிக்காரியா? அவள் நல்லா இருக்கணும், எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும், ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி போகிறது, பெயர் தெரியாததால் அந்தப் பொண்ணுக்கு என்று மட்டும் சொல்லி வைக்கிறாள். ஆனால் வாந்தி எடுத்தது நான், கால் வீங்கியது எனக்கு, வயிற்றைக் கிழித்தது எனக்கு. ரத்தம் ரத்தம் என்கிறாரே, ஒன்பது மாசம் இவள் ரத்தத்தைத்தானே அது குடித்து வளர்ந்தது? சரி, அதைவிடு, ரத்தத்தில்தான் நேஷனாலிட்டி இருக்கிறது என்றால் பெரிய தாத்தா கதை என்ன? ஒதேத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏன் இது இத்தனை நாள் தோன்றவில்லை? ஊரை இந்தியாவோடு சேர்த்தபோது, பிரெஞ்சாகவே இருக்க விரும்புகிறவர்கள் வந்து எழுதிக் கொடுங்கள் என்று ஆறு மாசம் கெடு வைத்தார்கள். தாத்தா முதல் வாரமே போய்க் கையெழுத்துப் போட்டார். அவருடைய அண்ணன், பெரிய தாத்தா, நாளைக்குப் போறேன், மழை விடட்டும் போறேன், அறுவடை முடியட்டும் போறேன் என்று இழுத்து இழுத்துக் கெடுவே முடிந்துபோனது. ஒரே அப்பன், ஒரே ஆத்தா. தம்பி பிரெஞ்சு, அண்ணன் இந்தியா. தம்பி பிள்ளை பப்பா பட்டாளத்துக்குப் போனார், அண்ணன் பேரன் ஆல்பர்ட் இங்கே உப்பளம் ஏரியாவில் ஆட்டோ ஓட்டுகிறான், நெற்றியும் தாடையும் பப்பாவை உரித்துவைத்த மாதிரி. ரத்தத்தில் இருந்திருந்தால் ஆல்பர்ட்டுக்கும்தானே இருக்கணும்? ஒரு கையெழுத்தில்தானே வந்தது? சோம்பேறித்தனத்தில்தானே போனது? ஒதேத்துக்கு எழுந்து நின்று காரைக்கால் அம்மாளிடம் சொல்லணும் போல இருந்தது, அந்தக் காவலாளியிடம் சொல்லணும் போல இருந்தது, வெளியே ஓடிப்போய் வேப்ப மரத்தடியில் நிற்கிற மனுஷனைக் கட்டிப்பிடித்துச் சொல்லணும் போல இருந்தது.  சேலை இன்னும் கொஞ்சம் நனைந்தது. அப்படியானால் பப்பாவிடமும் சொல்லிவிடலாமே. சொல்லேன். இதோ பக்கத்தில்தானே இருக்கிறார். குழந்தையின் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டு, எங்கம்மா காலு இப்படித்தான் இருக்கும் என்று காரைக்கால் அம்மாளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிற இந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது.

நம்பர் விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மதாம் நம்ம ஊர்ப் பெண்தான், இவளைவிடச் சின்னவள், சிரித்த முகம். பப்பா நான் கேட்காமல் எப்படி என்கிற மாதிரி பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், குழந்தையின் காலை விடவில்லை. மதாம் பேப்பரை எல்லாம் புரட்டினாள். அவள் புரட்டப் புரட்ட ஒதேத்துக்கு உள்ளங்கை வேர்த்தது, வேர்த்தாலும் உள்ளே ஒரு துள்ளல் அடங்கவில்லை, இதோ இதோ இதோ என்றது. "உங்களுக்கு நாற்பத்தேழு வயசு," என்றாள் மதாம். "ஆமாங்க." "முதல் குழந்தை." "ஆமாங்க." "தப்பா எடுத்துக்காதீங்க, இந்த வயசுன்னா நாங்க கேட்டே ஆகணும். நீங்களே பெத்தீங்களா, இல்ல வாடகைத் தாயா? வாடகைத் தாய்னா வேற வழியாப் போகணும், நாளாகும்." பப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. "என்ன கேள்வி மதாம் இது? புள்ள மூஞ்சியப் பாருங்க. மூக்கப் பாருங்க. எங்க வீட்டு மூக்கு." "மூக்கையெல்லாம் நான் எழுத முடியாது, மிசியே," என்றாள் மதாம். "நான்தான் பெத்தேன்," என்றாள் ஒதேத், குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஆபரேஷன் தழும்பு இருக்கு மதாம், காட்டட்டுமா?" "வேண்டாம் வேண்டாம்," மதாம் கையை ஆட்டினாள், "ஆஸ்பத்திரி சர்டிபிகேட்ல பிரசவம் உங்களுக்குன்னுதான் இருக்கு. ஆனா சிகிச்சைக்குப் பிறகுன்னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்க. அது என்ன சிகிச்சைன்னு உங்க வாயால சொல்லிடுங்க, நான் குறிச்சுக்கறேன்."

டெஸ்ட் டியூப் என்றால் போதும். அது பொய்யும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே பெற்றுக்கொள்கிறார்கள், பப்பாவும் அது வரைக்கும் தெரிந்தவர்தான், ஆபீசும் அதோடு விட்டுவிடும். டெஸ்ட் டியூப், ஒதேத், சொல்லிவிட்டு எழுந்து வா, வெளியே மரத்தடி, வீட்டில் கோழிக் குழம்பு, மாசக் கடைசியில் விமானம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்த இடத்தில் நின்றுவிட்டது. இன்றைக்கு ஒளித்தால் நாளைக்கு அந்த ஊர் ஆபீஸ், அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் கிளேருக்குப் பதினெட்டு வயசில் அடையாள அட்டை, ஒவ்வொரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னாலும் இதே வேர்வை, இதே மாதா மாதா. என்ன குற்றம் பண்ணினாள் இவள்? பிள்ளை பெற்றாள். திருடிக்கொண்டா வந்தாள்? சொல்லித் தொலைத்துவிட்டால் இந்தப் பயம் இங்கேயே, இந்த ஏசியிலேயே விறைத்துச் சாகும் என்று ஒரு வேகம் வந்தது, வந்த வேகத்தில் வாய் திறந்துகொண்டது. "முட்டை என்னோடது இல்லைங்க. வேற ஒரு பொண்ணு குடுத்தது. யாருன்னு எனக்குத் தெரியாது, சொல்ல மாட்டாங்க. அவளுக்கு நம்ம நேஷனாலிட்டி கிடையாது. மத்தது என் வீட்டுக்காரரோடது. வயித்துல வெச்சிருந்தது நான். பெத்தது நான். பால் குடுக்கறது நான்." மூச்சு வாங்கியது. சொல்லிவிட்டாள். உடம்பு முழுக்க லேசாகிவிட்ட மாதிரி, காய்ச்சல் விட்டு வேர்க்கிற மாதிரி. மதாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தடவை பார்த்தாள். "இவ்வளவு தேவையில்லைங்க. கருமுட்டை யாரோடதுன்னு நாங்க கேக்கறதே இல்ல. யார் பெத்தாங்கன்னுதான் கேப்போம். பெத்தவங்கதான் தாய். தாய் பிரெஞ்சுன்னா புள்ள பிரெஞ்சு. முடிஞ்சுது."

முடிந்தது. இவ்வளவுதானா? இத்தனை மாசம் பயந்தது இவ்வளவுக்குத்தானா? கிளேர் பிரெஞ்சு, கிளேருக்குப் பாஸ்போர்ட், சிவப்புத் தொப்பி, சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, வந்ததும் பக்கத்தில் பார்த்தாள். பப்பாவின் கை குழந்தையின் காலை விட்டிருந்தது. அந்தக் கை அவருடைய முழங்கால் மேல் சும்மா கிடந்தது. ஐயோ, கேட்கவே இல்லையே அவர்கள், தேவையே இல்லாமல் சொன்னேனே, யாரும் கேட்காததை எடுத்து நானே அவர் முன்னால் வைத்தேனே. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் பப்பா, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "ரத்தம் ரத்தம்னு பேசிட்டே இருந்தீங்களே பப்பா, எப்படிச் சொல்றது?" அவர் கண்ணாடித் தடுப்பையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை, எதிரே வெறும் சுவரைப் பார்த்தார். எழுபத்தைந்து வயசில் அவர் இப்படி வாயடைத்து அவள் பார்த்ததே இல்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட ஆளை அதட்டிக்கொண்டுதான் இருந்தார். பாஸ்போர்ட் கிடைத்துத் தாத்தாவை இழந்தாயா கண்ணு, என்று குழந்தையிடம் மனசுக்குள் கேட்டாள். கேட்டதும் அழுகை முட்டியது, சந்தோஷமும் போகவில்லை. கிளேர் விழித்துக்கொண்டு வீல் என்றாள். மதாம் விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, "பதிவு பண்றேன், சத்தமா சொல்லுங்க, அப்புறம் எழுத்துப் பிழைன்னு வரக்கூடாது. குழந்தை பெயர் கிளேர், போட்டாச்சு. தாய் பெயர்?" என்றாள். ஒதேத் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. சொந்தப் பெயர், அது வரவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. பப்பா எழுந்துவிட்டார். போகிறார், வெளியே போகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் போகவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குதிகாலைச் சேர்த்து, பட்டாளத்தில் மேலதிகாரிக்குப் பதில் சொல்கிற குரலில், காரைக்கால் அம்மாளும் காவலாளியும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

"சிங்கராயர் ஒதேத். இந்தப் புள்ளையப் பெத்த தாய். எழுதுங்க, மதாம்."